எப்போதும் இப்படித்தான் இருப்பாரா? முதியவரைப் பற்றி மருத்துவமனையில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

அம்மாவை வார்டில் சேர்த்த மூன்றாம் நாள் மதியம், பார்வையாளர் நேரம் தொடங்கியதும் கஞ்சித் தூக்குடன் உள்ளே போனேன். சளி முற்றி மூச்சு வாங்கியதால் சேர்த்திருந்தோம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கொடுத்த கரண்டியை என்ன செய்வதென்று தெரியாதவர் போல் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற மிசி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) மலாயில் அன்போடு சொன்னார்: “உங்கள் அம்மா ரொம்ப நல்லவர். சத்தமே இல்லை, ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் அம்மா சும்மா இருக்கும் பிறவி அல்ல. பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் முன்பின் தெரியாதவர் ஏறினாலும், ஏழாவது மாடி வருவதற்குள் அவருடைய மாமியார் எந்த ஊர் என்று கேட்டுவிடுவார்.

அந்த மிசி மீது குற்றமே இல்லை. அவர் பார்த்த அம்மாவுக்கு வயது மூன்று நாள். நான் பார்த்த அம்மாவுக்கு வயது 79. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து, “இவர் எப்போதும் இப்படித்தான் போலிருக்கிறது” என்று நினைப்பது இயல்பு. இல்லை என்று சொல்லக்கூடியவர் அந்த வார்டில் நான் ஒருத்திதான். மருத்துவர்கள் இதை ‘பேஸ்லைன்’ என்பார்கள். நாம் ‘வழக்க நிலை’ என்று வைத்துக்கொள்வோம். நோய் வருவதற்கு முன் அந்த மனிதர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார், எதைத் தானாகச் செய்தார் என்ற கணக்குதான் அது. வயதானவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் மகனோ மகளோ மருமகளோ கையில் கொண்டுபோக வேண்டிய முதல் பொருள் அதுதான். அடையாள அட்டைகூட அதற்குப் பிறகுதான்.

வயதானவர்களிடம் மட்டும் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இருபத்தைந்து வயதுப் பையனுக்கு நுரையீரலில் கிருமி தொற்றினால் காய்ச்சல் கொதிக்கும், இருமல் வரும், நோயே தன் பெயரைச் சொல்லிவிடும். எண்பதை நெருங்கியவர்களிடம் நோய் அப்படி நேர்வழியில் வருவதில்லை. காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரலாம். நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக. முதல் அடையாளம், குளியலறையில் விழுந்தது, இரண்டு நாளாகச் சாப்பிட மறுப்பது, பேச்சு தடம் மாறுவது என்று எதுவாகவும் இருக்கலாம். அவருடைய வழக்கத்தில் வந்த மாற்றம்தான் அங்கே நோயின் குரல். மாற்றத்தை அறிய நேற்றும் தெரிய வேண்டும், இன்றும் தெரிய வேண்டும். இன்றைய நிலை மருத்துவரின் கண்முன் இருக்கிறது. நேற்றைய நிலை நம்மிடம்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு வந்ததை மருத்துவத்தில் ‘டெலிரியம்’ என்கிறார்கள். திடீர் மனக்குழப்பம். இதையும் மறதி நோயையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மலாயில் ‘ஞாஞோக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. டெலிரியம் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வந்து நிற்கும், காலையில் தெளிந்து மாலையில் மோசமாகும், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த விடாது. உடலுக்குள் வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்பதற்கான அபாய மணி அது. கத்தி, குழாயைப் பிடுங்கி, கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பவர்களை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். அம்மாவைப் போல் ஓசையில்லாமல் அடங்கிப்போகிறவர்கள்தான் தப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்க மருத்துவர் ஷாரன் இனோய் குழுவினர் டெலிரியத்தைக் கண்டறிய ஒரு முறையை 1990-இல் வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் அந்த முறை முதலில் கேட்பதே, நோயாளியின் வழக்க நிலையிலிருந்து திடீர் மாற்றம் உண்டா என்பதைத்தான். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுருக்கமாக, ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தது. ‘இவர் அண்மையில் வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறார் என்று நினைக்கிறீர்களா?’ அது நோயாளியிடம் கேட்கும் கேள்வி அல்ல. கூட வந்த உறவினரிடமோ நண்பரிடமோ கேட்பது. கேட்டால் பதில் சொல்லலாம். நம் வார்டுகளில் கேட்க நேரமில்லாத நாட்களே அதிகம். அதனால் கேட்காமலே சொல்லப் பழக வேண்டும்.

நான் அன்று சொன்னது இவ்வளவுதான். “டாக்டர், போன வாரம் வரை அம்மா தனியாகக் குளித்தார், வீட்டு மளிகைக் கணக்கை விரல்விட்டே கூட்டிச் சொன்னார். நேற்று மாலை வரை என்னிடம் பேசினார். இன்று கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. இது அவருடைய வழக்கம் இல்லை.” அந்த இளம் மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அம்மா முகம் சுளித்தார். சிறுநீர் இறங்காமல் பை நிறைந்து கிடந்தது.

காரணம் கட்டில் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. மூக்கொழுகலுக்கு வீட்டில் விழுங்கிக்கொண்டிருந்த குளோர்பெனிரமின், அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை அட்டையை, அம்மாவின் கைப்பையோடு நாங்களே கொண்டுவந்து வைத்திருந்தோம். வார்டிலும் தானாக எடுத்து விழுங்கியிருக்கிறார். யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு இந்த வகைப் பழைய சளி மாத்திரைகள் தூக்கத்தோடு குழப்பத்தையும் கொடுக்கும், சிறுநீரையும் அடைக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இல் பட்டியலிட்டார். அவர் பெயராலேயே இன்றுவரை புதுப்பித்து வரப்படும் அந்தப் பட்டியலில் இதுவும் உண்டு. மாத்திரை நின்றது, குழாய் வைத்துச் சிறுநீரை இறக்கினார்கள், வீட்டில் மறந்துவிட்ட காது கேட்கும் கருவியைத் தம்பி கொண்டுவந்தான். நான்காவது நாள் அம்மா அடுத்த கட்டில் சீனப் பாட்டியிடம் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்.

தொலைந்துவிடுமோ என்று காதுக் கருவியையும் கண்ணாடியையும் பல்செட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நம்மில் பலர் செய்கிற காரியம். செய்யாதீர்கள். காது கேட்காத, கண் தெரியாத ஒருவரிடம் யார் என்ன கேட்டாலும் பதில் குழப்பமாகத்தான் இருக்கும்.

மருந்து விஷயத்தில் நான் கண்ட எளிய வழி, வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோவது. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு மருந்தகத்தில் கொடுத்தது, பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது, முட்டிவலிக்கு மருந்துக்கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, ஜாமு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். வாயால் சொல்லும் பட்டியலில் எப்போதும் இரண்டு விடுபடும். அம்லோடிபின் என்ற ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு இடத்தில் வாங்கினால் இரண்டு பெயரில், இரண்டு நிறத்தில் இருக்கும், பாட்டி இரண்டையும் விழுங்குவார். டிக்லோஃபெனக் போன்ற வலி மாத்திரையை இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளோடும் நீர் மாத்திரையோடும் சேர்த்து உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். நாட்டு மருந்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று ஒளிப்பவர்கள் உண்டு. திட்டினாலும் பரவாயில்லை, பையைத் திறந்து காட்டுங்கள்.

இனி வழக்க நிலையை எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். “முன்பு நன்றாகத்தான் இருந்தார்” என்பது எதையும் சொல்லாத வாக்கியம். யாருக்கு எது நன்று? சிட்னி காட்ஸ் என்பவர் 1963-இல் ஆறு செயல்களை அளவுகோலாக வைத்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, தானே உண்பது. இந்த ஆறையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுத்துச் சொன்னால் போதும். ‘வெள்ளிக்கிழமை தோறும் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போவார்.’ ‘சௌராஸ்தா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசி, மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்குவார்.’ ‘இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்தில் தண்ணீர்மலையின் 513 படியும் ஏறினார், போன தைப்பூசத்தில் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார்.’ கடைசி வாக்கியத்தைக் கேட்ட மருத்துவருக்கு இதயம், நுரையீரல், மூட்டு என்று மூன்று யோசனை ஓடும்.

இங்கே நமக்கு ஒரு தடை உண்டு. அது மானம். அம்மா இரவில் பாயை நனைத்துவிடுகிறார், அப்பா வீட்டுக்கு வரும் வழியை இரண்டு முறை மறந்துவிட்டார் என்று அந்நியர் முன்னால் சொல்ல நா எழுவதில்லை. அதுவும் அவர்கள் முன்னிலையிலேயே சொல்வது அவர்களை அவமதிப்பதாகப் படுகிறது. அது நியாயமான உணர்வுதான். அப்படிப்பட்ட செய்தியை ஒரு தாளில் எழுதி மிசியிடம் மடித்துக் கொடுக்கலாம், அல்லது வெளியே நின்று சொல்லலாம். சொல்லாமல் மட்டும் இருக்கக்கூடாது.

வார்டில் நம்மிடம் நின்று பேச அவர்களுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு சட்டகம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் எப்படி இருந்தது, எனக்கு என்ன தோன்றுகிறது, நான் என்ன கேட்கிறேன் என்ற நான்கும் அதே வரிசையில். மருத்துவர்களும் தாதியரும் தங்களுக்குள் இப்படித்தான் செய்தி சொல்லப் பழகுகிறார்கள், அதனால் இந்த வரிசையில் வரும் பேச்சு அவர்கள் காதில் சட்டென்று ஏறும். நம் ஆட்கள் முதல் இரண்டையும் நீட்டி முழக்கிவிட்டு, மூன்றாவதைச் சொல்லத் தயங்குவார்கள். ‘நமக்கென்ன தெரியும்?’ என்ற கூச்சம். நோயின் பெயர் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. “எனக்குப் பயமாக இருக்கிறது, வழக்கமாக இவர் இப்படி இல்லை” என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. மலாயில் வேண்டுமானால், ‘பியாசாஞா டியா தக் மாச்சாம் இனி’. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் தாத்தா பாட்டிகளில் பலருக்குச் சந்தை மலாய் தெரியும், நோவைச் சொல்ல அது போதாது. நாம்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறோம். மொழிபெயர்க்கும்போது நோயே மாறிவிடுகிறது. அம்மா அடிக்கடி “மயக்கமாக வருகிறது” என்பார். நான் மருத்துவரிடம் ‘பெங்சான்’ என்றேன். அவர் உடனே, “எத்தனை முறை நினைவு தப்பியது, எங்கே அடிபட்டது?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கு ஒருமுறைகூட நினைவு தப்பியதில்லை. தமிழில் மயக்கம் என்றால் தலை கிறுகிறுப்பதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம், தூக்கம் சொக்குவதும் மயக்கம். மருத்துவத்தில் இவை நான்கும் நான்கு வழி. அறை சுழல்கிறது என்றால் காதின் உட்பகுதியைப் பார்ப்பார்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நினைவே தப்புகிறது என்றால் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். திரும்ப அம்மாவிடமே கேட்டேன். “எழுந்தால்தான்மா, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்தால் போய்விடும்” என்றார். அதை அப்படியே சொன்னதும் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை அழுத்தம் பார்த்தார்கள். நின்றபோது சரசரவென்று இறங்கியது.

‘வாயு’ என்பதும் இப்படித்தான். நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்பதை நம் பெரியவர்கள் ‘வாயு ஏறிவிட்டது’ என்பார்கள், நாம் ‘ஆங்கின்’ என்று மொழிபெயர்ப்போம், அது வயிற்றுக் கோளாறு என்று போய்விடும். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா என்று கேட்டு அதைச் சொல்லுங்கள். பெயர் வைப்பதை மருத்துவரிடம் விடுங்கள். இன்னொன்று, மொழிபெயர்ப்பவர் வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அம்மா ஐந்து வாக்கியம் பேச, மகன் “வலி இல்லையாம்” என்று ஒரு சொல்லில் முடிப்பதைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

யாரிடம், எப்போது? நிபுணர் பெரும்பாலும் காலையில் வார்டைச் சுற்றி வருவார், நாம் போவது மதியமும் மாலையும். அதனால், ‘நிபுணர் எத்தனை மணிக்கு வருவார், அப்போது நான் இருக்கலாமா?’ என்று முதல் நாளே கேட்டுவைக்க வேண்டும். நாம் பெரும்பாலும் சந்திப்பது ஹவுஸ்மேனை. மலேசியாவில் இரண்டு வருடப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் அவர். சின்னப் பையன் என்று ஒதுக்காதீர்கள், குறிப்பேட்டில் எழுதுகிறவர் அவர்தான். மிசிகள் ஷிப்ட் மாறி ‘பாஸ் ஓவர்’ செய்யும் நேரத்தில் மட்டும் கேள்வி கேட்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாய் போதும். நாங்கள் நான்கு பேர். நான் மட்டும் பேசுவது, மற்றவர்களுக்கு இரவில் வாட்ஸ்அப்பில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்தோம். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு வேறு கதை சொல்லாமல் இருந்ததே எங்களுக்குப் பெரிய உதவி.

சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல் ‘ரயன் விதி’ என்று ஒன்று இருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பம் நினைத்தால் வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும்படி அவர்களே கேட்கலாம். ரயன் சாண்டர்ஸ் என்ற சிறு குழந்தையின் மரணத்துக்குப் பிறகு வந்தது. இங்கிலாந்தில் இதே போன்ற ‘மார்த்தா விதி’ 2024 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இங்கே நாம் செய்யக்கூடியது படிப்படியாக மேலே கேட்பது. முதலில் மிசி, பிறகு ஹவுஸ்மேன், பிறகு மருத்துவ அதிகாரி, பிறகு நிபுணர். வார்டு சிஸ்டரிடமும் போகலாம். குரலை உயர்த்தத் தேவையில்லை. முன்பு சொன்ன நான்கு வரியையே ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொன்னால் போதும்.

கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “டாக்டர், புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று வாசலிலேயே மறித்துக் கேட்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. அன்பினால்தான் கேட்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் நோயாளி அப்பாதான், நாம் இல்லை. மருத்துவரின் முதல் கடமை அவரிடம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் நமக்காக அவர்களும் நடிக்கிறார்கள், கடைசியில் பேச வேண்டியதைப் பேசாமலே இரு தரப்பும் நிற்கிறது. மறைக்கச் சொல்வதற்கு முன், ‘அப்பா, முடிவு வந்ததும் உங்களிடம் சொல்லவா, எங்களிடம் மட்டும் சொல்லவா?’ என்று அவரிடமே கேட்கலாம். ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் அது அவர் எடுத்த முடிவு. அதையும் மருத்துவர் மதிப்பார். அதேபோல் நாம் அவரைப் பற்றிப் பேசும்போதும், ‘நான் டாக்டரிடம் சொல்லட்டுமா அம்மா?’ என்று ஒரு வார்த்தை. கட்டிலில் இருப்பவரின் தலைக்கு மேலேயே இரண்டு பேர் பேசிக்கொள்வது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள்தான் அவசரம் மிகுந்த நாள். கார் கீழே காத்திருக்கும், மருந்துப் பை வரும், தேதி அட்டை வரும், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். தலையாட்டாமல், கேட்டதைத் திரும்பச் சொல்லுங்கள். நான் மருந்துகளைக் கட்டில் மேல் பரப்பிவைத்துவிட்டுச் சொன்னேன்: “மிசி, சரியா பாருங்கள். இது காலை ஒன்று, இரவு ஒன்று, இன்னும் ஐந்து நாள். பிரஷர் மாத்திரை பழையபடி காலையில் ஒன்று.” அவர் குனிந்து உறையைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். “இல்லை, இனி அரை மாத்திரை.” எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கியதால் குறைத்திருக்கிறார்கள். உறையில் மலாயில் சின்ன எழுத்தில் இருந்தது, பத்து வருடப் பழக்கத்தில் என் கண் அதைப் படிக்கவே இல்லை. அங்கேயே பேனா வாங்கி, உறையின் மேல் தமிழில் ‘பாதி’ என்று பெரிதாக எழுதினேன். என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும், இரவில் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு அதே உறையில் குறித்துக்கொண்டேன்.

இப்போது வீட்டில் சாமி அறைக் கதவுக்குப் பின்னால், நாள்காட்டிக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அம்மா எப்படி நடக்கிறார், என்ன தானாகச் செய்கிறார், காது எது சரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று பத்து வரி. தமிழில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம். நான் வேலைக்குப் போயிருக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தாலும் பக்கத்து வீட்டார் அதைக் கிழித்துக் கொடுத்துவிடலாம். போன மாதம் அதில் ஒரு வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். ‘வெள்ளிக்கிழமை கோவிலுக்குத் தனியாகப் பஸ்ஸில் போவார்’ என்று இருந்தது. ‘கோலூன்றி நடப்பார், பஸ் ஏறக் கைபிடித்துவிட வேண்டும்’ என்று ஆக்கினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். “இறங்கும்போதும்தான், எழுது” என்றார்.